அருவிக்குப் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் போதுமா?

கேள்வி, மே 4, காலை

அண்ணா, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓர் இயற்கைக் காப்பகத்துக்குப் போகிறோம். நான், மனைவி, எட்டு வயதுப் பையன், அம்மா. வாசலில் இருந்து அருவி வரை 4 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் என்று வரைபடத்தில் போட்டிருக்கிறது. நடந்து போய் அருவியைப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்ப இரண்டு மணி நேரம் போதும் என்று நினைக்கிறேன். மதியத்துக்கு மேல் கிளம்பினால் வெயிலும் தாழ்ந்திருக்கும். சரிதானே?

மே 4, மதியம்

சரியில்லை தம்பி. தூரத்தை எடுத்துக்கொண்டு ஏற்றத்தை விட்டுவிட்டீர்கள். மலையில் நடப்பவர்கள் இன்றைக்கும் பயன்படுத்தும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்குப் போட்டுப் பாருங்கள். தூரத்துக்கு 48 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம், ஆக 78 நிமிடம். அதுவும் அவர் மனதில் வைத்திருந்தது நல்ல தெம்போடு எங்கும் நிற்காமல் நடக்கிற ஆளை. எட்டு வயதுப் பையன் ஒவ்வொரு மரவட்டைக்கும் குந்தி உட்காருவான், உட்காரவும் வேண்டும். அம்மாவுக்கு மூச்சு வாங்கும். குடும்பத்தோடு போனால் நான் இந்தக் கணக்கை ஒன்றரையால் பெருக்கிக்கொள்வேன். போவதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் என்று வையுங்கள்.

காலையிலேயே கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

மே 4, இரவு

"அப்படியானால் போக இரண்டு, வர ஒன்று, மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இறக்கம் சுலபம் என்று நினைத்துத்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். நைஸ்மித் கணக்கில் இறக்கமே கிடையாது. பின்னால் எரிக் லாங்மியூர் என்பவர் அதில் ஒரு திருத்தம் சேர்த்தார். சரிவு 5 முதல் 12 பாகைக்குள் இருந்தால் இறங்கும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடம் கழித்துக்கொள்ளலாம். 12 பாகையைத் தாண்டிச் செங்குத்தாகிவிட்டால் அதே 300 மீட்டருக்கு 10 நிமிடம் கூட்ட வேண்டும். ரொம்பச் செங்குத்தான இடத்தில் இறங்குகிறவர் சமதரையில் நடப்பவரைவிட மெதுவாகத்தான் போவார். அருவிப் பாதைகள் பலவும் முதலில் ஆற்றை ஒட்டிச் சமமாகப் போய்க் கடைசியில் ஒரேயடியாக ஏறும். அருவி விழும் இடமே நிலம் சட்டென்று ஒடிந்து இறங்கும் இடம்தானே. உங்கள் 300 மீட்டரில் 250 மீட்டர் கடைசி ஒரு கிலோமீட்டரில் வருகிறது என்றால் அங்கே சரிவு 14 பாகை. வரைபடத்தில் உயரத்தைக் காட்டும் கோடுகள் எங்கே நெருங்குகின்றன, அதாவது சரிவு எங்கே செங்குத்தாகிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

இதைக் கணக்காகச் சொல்கிறேன், ஆனால் நான் கணக்குப் போட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. ஒருமுறை நாங்கள் ஆறு பேர், அத்தையும் கூட, மதியம் ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். அருவியை அடைந்தபோது நான்கரை. திரும்பும்போது அத்தைக்கு முட்டி பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் கால் வைத்துத்தான் இறங்க முடிந்தது. காட்டுக்குள் இருட்டு வெளியைவிட முந்திக்கொண்டு வந்துவிடும். மேலே வானம் வெளுப்பாக இருக்கும்போதே காலடியில் வேர் எது நிழல் எது என்று தெரியாமல் போய்விட்டது. ஆறு பேரிடமும் சேர்த்து உயிரோடு இருந்தது ஒரே ஒரு போன், மற்றவை எல்லாம் படம் எடுத்தே தீர்ந்திருந்தன. அத்தை வழியெல்லாம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. வாசலுக்கு வந்தபோது மணி எட்டேகால், காவலர் பூட்டாமல் காத்திருந்தார்.

அன்றிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்துவிடுகிறேன். பதினொன்று என்றால் பதினொன்று. அருவி அடுத்த வளைவில் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னாலும் அந்த நேரத்தில் திரும்பிவிடுவது.

மே 5, காலை

விட்டுப்போனது: ஆளுக்கொரு கைவிளக்கு, பகலில் போனாலும். அம்மாவுக்கு ஒரு கைத்தடி, முடிந்தால் இரண்டு. ஏறும்போது அது தேவைப்படாது, இறங்கும்போது முட்டியில் விழும் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும்.

மே 5, இரவு

"நாலு படம் எடுத்துக்கொண்டு" என்று நீங்கள் எழுதியது காலையில் இருந்து மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மணி நேரம் ஏறிப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூச்சிரைக்க வருவார்கள், அருவிக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள், படம் எடுத்ததும் போய்விடுவார்கள். எனக்கு அது மனசு கேட்பதில்லை. அருவியின் எதிரே குறைந்தது ஒரு மணி நேரம் உட்கார முடிகிற மாதிரி அன்றைய பொழுதைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் இரைச்சல் மட்டும்தான் இருக்கும். அப்புறம்தான் அந்த இரைச்சலுக்குள் நாலைந்து தனித்தனி ஓசைகள் இருப்பது கேட்க ஆரம்பிக்கும், பாறையில் அறைவது ஒன்று, மடுவுக்குள் இறங்குவது ஒன்று, ஓரத்தில் கசிந்து சொட்டுவது இன்னொன்று. தண்ணீர் ஒரே திரையாக விழவில்லை, கொத்துக் கொத்தாகப் பிரிந்து ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு இறங்குகிறது என்பதும் அதற்கு அப்புறம்தான் கண்ணில் படும்.

பையனிடம் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அருவியில் ஒரே இடத்தை ஒரு நிமிடம் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். பிறகு சட்டென்று பக்கத்தில் இருக்கும் பாறையைப் பார்க்க வேண்டும். பாறை மெல்ல மேலே ஏறும். 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் ஃபாயர்ஸ் அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதைக் கவனித்து எழுதிவைத்தார், அதனால் இதற்கு அருவி மாயத்தோற்றம் என்றே பெயர். கீழ்நோக்கி ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்து கண் களைத்துப்போவதால் அப்படித் தெரிகிறது.

மே 6, காலை

நேற்று எழுதியதில் ஒரு தவறு. களைப்பது கண் இல்லை, மூளை. கீழ்நோக்கிய அசைவுக்கென்றும் மேல்நோக்கிய அசைவுக்கென்றும் மூளையில் தனித்தனி நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஒரு நிமிடம் அருவியைப் பார்த்ததில் முதல் கூட்டம் மட்டுப்பட்டுவிடுகிறது, அசையாத பாறையைப் பார்க்கும்போது இரண்டாவது கூட்டத்தின் கை ஓங்கி, பாறை ஏறுவதாகத் தெரிகிறது. பையனிடம் சொல்வதானால் சரியாகச் சொல்லிவிடுங்கள், சின்ன வயதில் தப்பாகப் பதிந்தால் அப்படியே நின்றுவிடும்.

மே 6, இரவு

வானவில் தெரியுமா என்று மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், முகத்துக்கு நேரே சாரல் இருக்க வேண்டும். உங்கள் தலையின் நிழல் விழும் திசையில் இருந்து 42 பாகை தள்ளித்தான் வில் வளையும். அருவி கிழக்கைப் பார்த்து விழுகிறது என்றால் காலையில், மேற்கைப் பார்த்து விழுகிறது என்றால் மாலையில். வரைபடத்தை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் வில் கிடையாது.

மே 6, இரவு, சற்றுக் கழித்து

கிடையாது என்று சொன்னது சமதரையில் நின்று பார்ப்பவருக்கு. அருவிக்கு மேலே ஒரு பாறையிலோ மேடையிலோ நின்று கீழே எழும் சாரலைக் குனிந்து பார்க்கிறீர்கள் என்றால் நடுப்பகலிலும் தெரியும். ஆனால் அதற்காக விளிம்புக்குப் போக வேண்டாம். வேலி இருக்கும் இடத்தில் இருந்து தெரிகிற வானவில் போதும்.

மே 7, மதியம்

பாதையை விட்டு இறங்குவது பற்றி. "எல்லோரும் நடக்கிற பாதையில் என்ன இருக்கிறது, கொஞ்சம் உள்ளே போனால்தானே காடு" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு காலத்தில் நானும் இதையே பேசினவன். கொண்டை ஊசி வளைவு மாதிரி மடிந்து மடிந்து ஏறும் பாதை ஒன்றில், மடிப்பைச் சுற்றிப் போகச் சலித்து, இரண்டு மடிப்புகளுக்கு நடுவே இருந்த புல் சரிவில் நேராக இறங்கினேன். என் பின்னாலேயே நண்பர்கள் மூன்று பேர். மொத்தம் இருபதடி தூரம் இருக்கும். மூன்று வருடம் கழித்து அதே இடத்துக்குப் போனபோது அந்த இருபதடியில் புல்லே இல்லை. எங்கள் தடத்தைப் பார்த்து வந்தவர்கள், அவர்கள் தடத்தைப் பார்த்து வந்தவர்கள் என்று அது ஒரு வழியாகி, மழைத் தண்ணீர் அதில் இறங்கி, முட்டி ஆழத்துக்கு ஓடையாக அறுத்திருந்தது. கீழ்ப் பாதையில் மண் சரிந்து கிடந்தது. பாதையை மடித்து மடித்துப் போடுவது நடப்பவரின் மூச்சுக்காக மட்டும் இல்லை, தண்ணீர் நேராக ஓடி மண்ணை அரிக்காமல் இருக்கவும்தான். அது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நாங்கள் நாலு பேர் என்ன பெரிதாகச் செய்துவிட்டோம் என்று சமாதானமும் சொல்லிக்கொள்ள முடியாது. மிதிபடும் தரையை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது என்னவென்றால், சேதத்தின் பெரும்பகுதி முதலில் மிதிக்கிற கொஞ்சம் பேராலேயே நடந்துவிடுகிறது. ஏற்கெனவே மண்ணாகிப்போன பாதையில் நூறு பேர் கூடுதலாக நடந்தால் அவ்வளவு வித்தியாசம் வராது. புல் மூடிய இடத்தில் முதலில் நடக்கும் ஆள் செய்வதுதான் பெரிய சேதம்.

சேறாக இருக்கும் இடத்தில் ஓரமாக ஒதுங்கி நடப்பதும் இதே கதைதான். எல்லோரும் ஒதுங்கினால் பாதை அகலமாகிக்கொண்டே போகும். சேற்றுக்குள்ளேயே நடங்கள், செருப்புக்குப் பதில் நல்ல பிடிப்புள்ள பூட்ஸ் போட்டுக்கொண்டு.

மே 7, இரவு

பூட்ஸ் என்றதும் இன்னொன்று. போகும் முன் அடிப்பாகத்து மண்ணை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள், வந்த பிறகும் கழுவுங்கள். நியூசிலாந்தில் கௌரி (kauri) என்ற பெரிய மரங்களை வேரோடு அழிக்கும் ஒரு நுண்ணுயிரி மண்ணில் பரவுகிறது, நடப்பவர்களின் பூட்ஸில் ஒட்டும் சேறும் அதைக் கொண்டுபோகிறது. அதனால் அங்கே பாதை தொடங்கும் இடங்களில் பூட்ஸ் கழுவும் அமைப்பு வைத்திருக்கிறார்கள். 2018இல் ஆக்லாந்து நகரத்தை ஒட்டிய வைட்டாக்கெரே மலைக்காடு பெரும்பாலும் மூடப்பட்டது. "இந்தப் பாதை மூடப்பட்டுள்ளது" என்ற பலகையைப் பார்த்து நான் முன்பெல்லாம் எரிச்சல்பட்டிருக்கிறேன். இப்போது படுவதில்லை.

அருவியின் சாரல் மட்டும் நனைக்கிற இடம், அதுவே ஒரு தனி உலகம். தான்சானியாவில் கிஹான்சி என்ற பள்ளத்தாக்கில் ஒரு சின்னஞ்சிறு தேரை இருந்தது, நகத்தின் மேல் உட்காரும் அளவு. முட்டையிடாமல் குட்டி போடும் வகை. அருவிச் சாரலில் நனையும் கொஞ்சம் நிலம், அதை விட்டால் பூமியில் வேறெங்கும் கிடையாது. 1996இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். 2000இல் மேலே கட்டிய அணை இயங்கத் தொடங்கியதும் அருவிக்கு வரும் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோனது. சாரல் போனது, செயற்கையாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள், அப்புறம் பூஞ்சை நோயும் வந்தது. 2009இல் காட்டில் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆனால் முன்பே சில நூறு தேரைகளைப் பிடித்து அமெரிக்க விலங்குக் காட்சி சாலைகளில் வளர்த்து வைத்திருந்தார்கள், அவற்றின் வழிவந்தவற்றை 2012இல் அதே பள்ளத்தாக்கில் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். இதைப் படித்த பிறகு அருவிப் பாறையில் இருக்கும் பச்சைப் பாசியில் கால் வைக்கவே எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் பாசிக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று நமக்கு என்ன தெரியும்? வழுக்கும் என்பது இரண்டாவது காரணம்.

மே 8, இரவு

குளிக்கலாமா என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். காப்பகத்தில் குளிக்கக் கூடாது என்று பலகை இருந்தால் பேச்சே இல்லை. அனுமதி இருந்தாலும் அருவி நேராக விழும் இடத்தில் நிற்காதீர்கள். 15 மீட்டர் உயரத்தில் இருந்து ஒரு கல் தண்ணீரோடு வந்தால் அது உங்கள் தலையைத் தொடும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். கல் வருமா என்று கேட்காதீர்கள், வரும். பல அருவிகளில் மேலே கெட்டியான பாறை, அடியில் மெத்தென்ற பாறை. தண்ணீர் அடியைக் குடைந்துகொண்டே போகும், மேல் பாறை தாங்கல் இல்லாமல் ஒருநாள் உடைந்து விழும், அருவி ஓரடி பின்னால் நகரும். நயாகரா இப்படியே சுமார் 12,000 வருடத்தில் 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. அதன் ஒரு கிளையான அமெரிக்க அருவியில் பாறைகள் விழுந்து குவிந்துகொண்டே போனதால் 1969இல் சில மாதம் தண்ணீரையே திருப்பிவிட்டு ஆராய்ந்தார்கள், கடைசியில் விழுந்த பாறைகளை அப்படியே விட்டுவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

மடு இன்னும் மோசம். அருவி விழும் இடத்தில் தண்ணீர் வெள்ளையாக நுரைக்கிறது அல்லவா, அதில் பாதி காற்று. காற்று கலந்த தண்ணீர் உடம்பைத் தாங்காது, நீச்சல் தெரிந்தவரும் அமிழ்வார். அடியில் தண்ணீர் சுருண்டு திரும்ப அருவியை நோக்கியே இழுக்கும். பையனை அருவியில் இருந்து விலகிக் கீழே, ஆறு அகன்று அமைதியாகப் பாயும் இடத்தில், கணுக்கால் அளவில் விடுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு.

அப்புறம், மழை. நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். தெளிந்து வந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சலின் குரல் கனத்தால், அந்த நிமிடமே கரையை விட்டு மேலே ஏறுங்கள். பையை எடுக்கத் திரும்ப வேண்டாம். ஆற்றின் மறுகரையில் இருந்தாலும் கடந்து வர முயல வேண்டாம், அங்கேயே உயரமான இடத்தில் காத்திருங்கள். அருவிப் பக்கம் கூப்பிட்டால் கேட்காது. கையை எப்படி ஆட்டினால் "திரும்பி வா" என்று அர்த்தம் என்பதைப் பாதையிலேயே நாலு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மே 9, காலை

பயமுறுத்திவிட்டேனோ என்று இரவெல்லாம் தோன்றியது. போகாதீர்கள் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். பாதையிலும் மேடையிலும் நின்றால் இதில் பெரும்பாலானவை உங்கள் பக்கமே வராது.

இன்னொன்று. அருவிப் பக்கம் மனம் லேசாவதற்குக் காற்றில் இருக்கும் எதிர்மின் அயனிகள், அதாவது எதிர் மின்னேற்றம் கொண்ட துகள்கள்தான் காரணம் என்று நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். தண்ணீர் சிதறும்போது காற்றில் மின்னேற்றம் வருவது உண்மை, பிலிப் லெனார்ட் என்ற இயற்பியலாளர் 1892இல் அருவிகளின் மின்சாரம் பற்றியே ஆய்வு எழுதியிருக்கிறார். நைஸ்மித் கணக்கு வந்த அதே வருடம், இதை இப்போதுதான் கவனிக்கிறேன். ஆனால் அந்த மின்னேற்றத்தால் உடம்புக்கு இன்ன நன்மை என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. எனக்கு அது தேவையும் இல்லை. இரண்டு மணி நேரம் நடந்து, வேர்த்து, குளிர்ந்த சாரலில் முகத்தைக் காட்டி உட்கார்ந்தால் மனம் லேசாகத்தான் ஆகும்.

மே 11, இரவு

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். காலை ஆறரைக்குக் கிளம்பி, அம்மாவுக்குக் கடைசி ஏற்றத்தில் முடியாமல் போய், பதினொன்று ஆனதும் அருவிக்குக் கால் மணி தூரத்தில் திரும்பிவிட்டீர்கள். "சத்தம் மட்டும் கேட்டது அண்ணா" என்ற இடத்தில் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அந்த இடத்தில் திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அத்தையோடு போன அன்று நான் திரும்பவில்லை.

வழியில் ஆளுயரமே இருந்த சின்ன அருவியின் எதிரே முக்கால் மணி நேரம் உட்கார்ந்ததும், அம்மா காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்ததும், பையன் அதிலேயே பாறையை மேலே ஏற்றிப் பார்த்துவிட்டுக் கத்தியதும் படித்த பிறகு, நான் எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்று சொன்னபோது பாதை முடிகிற பெரிய அருவியை மட்டும்தான் நினைத்துச் சொன்னேன். அது பிசகு. அம்மாவை அழைத்துப்போகிற அடுத்த முறை அந்தச் சின்ன அருவியையே போய்ச் சேரும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரியதற்கு நீங்களும் பையனும் இன்னொரு நாள் போகலாம்.

மே 12, காலை

பையன் கேட்ட கேள்வி: ஒரு கண்ணை மூடிக்கொண்டு அருவியைப் பார்த்துவிட்டு, அப்புறம் மூடியிருந்த கண்ணால் பாறையைப் பார்த்தால் பாறை ஏறுமா? நல்ல கேள்வி, எனக்கு அந்த வயதில் தோன்றியிருக்காது. ஏறும், ஆனால் அவ்வளவு வேகமாக இல்லை. இரண்டு கண்ணில் இருந்தும் வருவது மூளையில் சேர்கிற இடத்தில்தான் இந்த வேலையில் ஒரு பங்கு நடக்கிறது. இதை நான் சொன்னதாக அவனிடம் சொல்லாதீர்கள். அவனே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.